திருகோணமலையில் நூதனசாலையும் ஒரு கதவுநிலைக் கல்லும்

காலையில் கோணேசர் கோயில், மத்தியானம் கன்னியா வெந்நீர்க் கிணறுகள், பின்னேரம் நிலாவெளி. வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்களின் திருகோணமலைப் பயணம் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. வான் வண்டிக்குக் கொடுத்த காசு வீணாகக் கூடாதே! பிள்ளைகளோடு வருகிறவர்கள் கன்னியாவை மறுநாளுக்குத் தள்ளிவிட்டு, கடல்சார் நூதனசாலைக்கு (அருங்காட்சியகத்துக்கு) ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்து மாளிகையைப் பழுதுபார்த்து அமைத்த சிறிய நூதனசாலை அது. கொழும்பு நூதனசாலையை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றந்தான். கடல் உயிரினங்கள், கப்பல்கள், கடற்படை வரலாறு என்று பார்த்துக்கொண்டே நடக்கலாம். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்துக்கு ஏற்ற இடம். போயா நாளென்றால் (பௌர்ணமி விடுமுறை) திறந்திருக்குமா என்று தங்குமிடத்தில் முதலே விசாரியுங்கள். சில்லறையும் கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும்.

போகுமுன் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லி வையுங்கள். 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் திருமலையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பறித்துக்கொண்டார்கள். எல்லாம் இந்தத் துறைமுகத்துக்காக. இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் இருக்கிறது: பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டி 1817-இல் கடலில் இறக்கிய போர்க்கப்பலுக்கு 'டிரிங்கோமலி' என்று நம் ஊர்ப் பெயரையே வைத்தார்கள். அது இன்றும் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது.

நூதனசாலை முடிந்ததும் ஓட்டோ பிடித்துப் பிரெட்ரிக் கோட்டைக்குப் போங்கள். கோட்டை வாசலுக்கு முன்பே இறங்கிவிடுங்கள். நான் மூன்று முறை வான் வண்டிக்குள் இருந்தபடியே அந்த வாசலைக் கடந்திருக்கிறேன். நாலாவது முறைதான் பெரியம்மா கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். கதவுநிலைக் கல்லில் இரட்டைக் கயல் மீன், பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு 1624-இல் கட்டிய கோட்டை இது. பிரெட்ரிக் கோட்டை என்ற பெயர் 1803-இல் ஆங்கிலேயர் வைத்தது. கோணேசர் கோயிலுக்குக் குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயர்) பிரிப்பான் என்று சொல்லும் செய்யுளை இன்றும் ஊர்ப் பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதன் சிதைந்த வரிகளே கல்லில் இருப்பவை. நூதனசாலையில் பார்த்தது கப்பலில் வந்தவர்களின் கதை. கரையில் இருந்தவர்களின் குரல் இந்தக் கல்லில் இருக்கிறது.

கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். மான்கள் கிட்ட வரும், பொலித்தீன் பையோடு எதையும் நீட்டாதீர்கள்.

கல்லெழுத்து நேர் வெயிலில் பிடிபடாது. சாய்ந்த வெயிலில் போய், தமிழ் படிக்கப் பழகும் பிள்ளையிடம் 'னே' எங்கே என்று தேடச் சொல்லுங்கள். பெரியம்மா எனக்கு முதலில் காட்டியதும் அந்த எழுத்தைத்தான்.