பைத்தானும் சி-யும் பேசிக்கொள்ளும்போது: சத்தம் போடாத தவறுகள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மென்பொருள் வேலை என்றால் பாதி நேரம் ஏதாவது ஒரு கருவியோடு மல்லுக்கட்டுவதுதான். எடைமேடையோ, பார்கோடு ரீடரோ, கருவியை விற்றவர் சி மொழியில் எழுதிய ஒரு லைப்ரரியை (நாம் கூப்பிடக்கூடிய ஃபங்ஷன்களின் தொகுப்பை) கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதை நாம் பைத்தானிலிருந்து கூப்பிட வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதில் வரிசையாக அதே குழிகளில் விழுகிறார்கள். எங்கள் செட்டும் விழுந்த குழிகள்தான்.

லைப்ரரி கிடைக்கவில்லை, 32 பிட் லைப்ரரி 64 பிட் பைத்தானில் ஏறவில்லை என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை முதல் நிமிடத்திலேயே கத்திவிடும். கத்தாதவைதான் காசைத் தின்னும்.

திரும்பி வரும் மதிப்பின் வகையைச் சொல்லாமல் விடுவது

சி லைப்ரரியைப் பைத்தானிலிருந்து கூப்பிட உதவும் சிடைப்ஸ் (ctypes) 2006-ல் பைத்தான் 2.5-உடன் சேர்ந்தது. இன்றும் அதன் குணம் மாறவில்லை. சி லைப்ரரிக்குள் ஃபங்ஷனின் பெயர் இருக்கும். அது என்ன வாங்கும், என்ன தரும் என்பது ஹெடர் ஃபைலில்தான் இருக்கும். திரும்பி வரும் மதிப்பின் வகையைச் சொல்லும் ரெஸ்டைப்பை (restype) நீங்கள் எழுதாவிட்டால், வருவது இன்ட் (சாதாரண முழு எண்) என்று சிடைப்ஸ் தானே முடிவு செய்துகொள்ளும். அதாவது 32 பிட்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. சீசனில் தோத்தாபுரி ஏற்றிய வண்டிகள் எடைமேடைக்கு வரிசை கட்டி நிற்கும். சீசன் முழுவதும் வந்த பழத்தின் மொத்த எடையை லைப்ரரியே கூட்டி வைத்துக்கொண்டது, கிராம் கணக்கில், 64 பிட் முழு எண்ணாக. (தசமத்தில் கூட்டிக்கொண்டே போனால் சில்லறைப் பிழை சேரும். லைப்ரரி எழுதியவர் விவரமானவர்.) பைத்தான் பக்கம் எழுதிய தம்பி ரெஸ்டைப் போடவில்லை. ஆரம்பத்தில் எல்லாம் சரியாகவே காட்டியது. ஏன் காட்டாது? 32 பிட்டில் 2,147,483,647 வரை அடங்கும். கிராமில் அது 2,147 டன்னும் சொச்சமும். அதைத் தாண்டிய அன்று மொத்தம் மைனஸில் போனது.

அப்போதாவது யாரையாவது கேட்டிருக்கலாம். ஏபிஎஸ் ஃபங்ஷனைப் போட்டு மைனஸ் குறியை மறைத்துவிட்டார். "அண்ணா, மைனஸ் மட்டும்தான் பிரச்சினை, நம்பர் சரியாத்தான் இருக்கு." நம்பர் சரியாக இல்லை. உண்மையில் 2,300 டன் வந்திருந்தால் இந்த வித்தை 1,994.967 டன் என்று காட்டும். பார்த்தால் நம்பும்படியான எண், அதுதான் ஆபத்து. கடைசியில் கண்டுபிடித்தது கணக்குப்பிள்ளை: "ஏன் தம்பி, பழம் வர வர மொத்தம் இறங்குது?" அதற்குள் அந்த மொத்தத்தை வைத்து ஏஜென்ட்களுக்குக் கமிஷன் போய்விட்டது. எடைச்சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கூட்டினோம். ரெஸ்டைப் விட்டதைக்கூட மன்னித்துவிடலாம். அந்த ஏபிஎஸ்ஸை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

அனுப்பும் பக்கம் கொஞ்சமாவது கத்தும். வகை சொல்லாமல் 12.5 என்று அனுப்பினால் சிடைப்ஸ் ஆர்குமென்ட் எரர் கொடுத்து நின்றுவிடும். உடனே அதை சி_டபுளில் (c_double, தசம எண்ணுக்கான வகை) சுற்றி அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அந்த ஃபங்ஷன் டபுளையே திருப்பித் தந்தால்? எக்ஸ்86-64 (வழக்கமான 64 பிட் இன்டெல், ஏஎம்டி) கணினியில் டபுள் திரும்பி வரும் இடம் எக்ஸ்எம்எம்0 ரிஜிஸ்டர் (செயலிக்குள் இருக்கும் ஒரு சின்னச் சேமிப்பிடம்). சிடைப்ஸோ முழு எண் வரும் ஈஏஎக்ஸ் ரிஜிஸ்டரைத் திறந்து, அங்கே கிடக்கும் ஏதோ ஓர் எண்ணை எடுத்து நீட்டும். எரர் கிடையாது.

பாயின்டர் (நினைவக முகவரி) என்றால் இரண்டு தடவை கடிக்கும். ரெஸ்டைப் இல்லாவிட்டால் 64 பிட் முகவரியில் பாதிதான் வரும். சரி, ரெஸ்டைப்பாக சி_வாய்ட்_பி (c_void_p, முகவரிக்கான வகை) போட்டுவிட்டீர்கள், முழு முகவரியும் வந்துவிட்டது. ஆனால் கைக்கு வருவது சாதாரண பைத்தான் எண். அதை அடுத்த ஃபங்ஷனுக்கு ஆர்க்டைப்ஸ் (argtypes, அனுப்பும் மதிப்புகளின் வகை) எழுதாமல் அனுப்பினால், லினக்ஸில் மறுபடியும் 32 பிட்டாக வெட்டித்தான் உள்ளே போகும். புரோகிராம் விழுவது இரண்டாவது ஃபங்ஷனில் என்பதால் எல்லோரும் அதற்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பார்கள்.

லைப்ரரியை ஏற்றிய கையோடு, ஹெடரைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஆர்க்டைப்ஸ், ரெஸ்டைப் இரண்டையும் எழுதுங்கள். ஹெடரில் லாங் என்று கண்டால் கொஞ்சம் நில்லுங்கள்: 64 பிட் லினக்ஸில் அது 64 பிட், விண்டோஸில் 32 பிட். சோதிக்கும்போது 5, 10 என்று சின்ன எண்களைப் போட்டுத் திருப்திப்படாதீர்கள். 300 கோடியைத் திருப்பித் தரும் ஒரு குட்டி சி ஃபங்ஷன் எழுதிக் கூப்பிட்டுப் பாருங்கள். மைனஸ் 129 கோடி சொச்சம் வந்தால் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். புது வேலையாக இருந்தால் நான் சிடைப்ஸுக்குப் பதில் சிஎஃப்எஃப்ஐ-யைத்தான் (CFFI) எடுப்பேன். வகைகளைச் சொல்லும் அறிவிப்பை எழுதாமல் அது ஃபங்ஷனைக் கூப்பிடவே விடாது.

தமிழ்ப் பெயரை அனுப்புவது

'தருமபுரி' என்ற சரத்தின் நீளத்தைப் பைத்தானில் கேட்டால் 8 என்று சொல்லும் (உகர, இகரக் குறிகளையும் தனித்தனியாக எண்ணும்). சி-க்கு அனுப்ப யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் மூன்று, மொத்தம் 24 பைட். பெயரை மாற்றி அனுப்பிவிட்டு நீளத்தை மட்டும் பழைய சரத்திலிருந்து எடுத்து 8 என்று கொடுத்தால், 'தர' வரைக்கும் ஒழுங்காகப் போய், அடுத்த உகரக் குறி இரண்டு பைட்டோடு அறுந்துவிடும். ரசீதில் ஊர் பெயர் பாதியும் கட்டமுமாக அச்சாவது இதனால்தான். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இது தெரியவே தெரியாது. மாற்றிய பிறகு அளந்து அனுப்புங்கள்.

கால்பேக்கைப் பிடித்து வைக்காமல் விடுவது

சி திரும்பக் கூப்பிட நாம் கொடுக்கும் பைத்தான் ஃபங்ஷன்தான் கால்பேக். அதை ஒரு வேரியபிளில் வையுங்கள். இல்லையென்றால் பைத்தான் குப்பையில் போட்டுவிடும். சி பிறகு இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிடும்.

நம்பை அட்டவணையின் ஒரு பத்தியை மட்டும் அனுப்புவது

நம்பை (NumPy) என்பது எண் அட்டவணைகளுக்கான பைத்தான் லைப்ரரி. நினைவகத்தில் அந்தப் பத்தியின் (நெடுவரிசையின்) எண்கள் அடுத்தடுத்து இருக்காது. சி-க்கு அது தெரியாது. பக்கத்துப் பத்தியையும் சேர்த்துப் படித்துக்கொண்டே போகும். தொடர்ச்சியான நகல் எடுத்து, அந்த நகலையும் கையில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். வகையையும் எழுதிவிடுங்கள்: 2024-ல் நம்பை 2.0 வரும்வரை விண்டோஸில் முழு எண் வரிசை தானாக 32 பிட்டாகத்தான் அமைந்தது.

ரெஃபரன்ஸ் கணக்கு

சிடைப்ஸ் வேண்டாம், எக்ஸ்டென்ஷனையே (பைத்தானுக்கான மாட்யூலை) சி-யில் எழுதுகிறேன் என்பவர்களுக்கு. ஒரு பொருளை எத்தனை இடங்கள் பிடித்து வைத்திருக்கின்றன என்று பைத்தான் எண்ணி வைப்பதுதான் ரெஃபரன்ஸ் கணக்கு. லிஸ்டிலிருந்து ஒரு பொருளை எடுக்கும் பைலிஸ்ட்_கெட்ஐட்டம் தருவது இரவல் ரெஃபரன்ஸ். நீங்கள் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது. பைலிஸ்ட்_செட்ஐட்டம் உங்கள் ரெஃபரன்ஸைத் தனக்கே எடுத்துக்கொள்ளும். பைலிஸ்ட்_அப்பெண்ட் எடுத்துக்கொள்ளாது, உங்களுடையதை நீங்கள்தான் விடுவிக்க வேண்டும். மூன்றும் ஒரே லிஸ்டுக்கான ஃபங்ஷன்கள். நான் இப்போதும் ஒவ்வொரு தடவையும் ஆவணத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.