நாப்பது வயசுக்கு மேல வீணை கத்துக்க ஆசையா? இப்படி ஆரம்பிங்க

சின்ன வயசுல வீணைன்னா உசுரு, ஆனா படிப்பு வேலை கல்யாணம் புள்ளைங்கன்னு அது அப்படியே தள்ளிப்போயிடுச்சு, இப்போ கத்துக்கிட்டா வருமான்னு யோசிக்கிறீங்களா? வரும். மேடை ஏறணும்ங்கிற நெனப்பை மட்டும் இப்போதைக்கு தள்ளி வைங்க, அந்த நாதம் நம்ம கையால வரணும்ங்கிறதுதானே உண்மையான ஆசை, அதுக்கு வயசு தடையே இல்ல.

உடனே கடைக்குப் போய் புது வீணை வாங்காதீங்க. சொந்தக்காரங்க வீட்டுல அம்மாவோ அத்தையோ வாசிச்சது பரண்ல சும்மா கெடக்கும், கேட்டுப் பாருங்க. பழசு எடுத்தா மொத்தம் 24 மெட்டையும், அதாவது தண்டு மேல குறுக்கே பதிச்சிருக்கிற உலோகக் கம்பிகளை, ஒவ்வொண்ணா அமுக்கி மீட்டிப் பாருங்க, எங்கயாவது கரகரன்னு சத்தம் வருதான்னு. சாரணி தந்தியை, அதாவது ராகம் வாசிக்கிற முக்கியமான தந்தியை, 12வது மெட்டுல அமுக்கினா சரியா மேல் ஸட்ஜம் (மேல் ஸ்தாயி ஸ) பேசணும், பேசலன்னா மேளம் கட்டணும், அதாவது மெழுகை எடுத்துட்டு மெட்டெல்லாம் திரும்ப பதிக்கிற வேலை, அதுக்குன்னு இருக்கிற ஆளுங்கதான் செய்யணும். அந்த மெழுகு சூட்டுல இளகிடும், அதனால வெயில்ல நிக்கிற கார்ல வீணையை வச்சிட்டுப் போகவே போகாதீங்க.

ஆரம்பத்துல டீச்சர் நேர்ல இருக்கறது ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா உக்கார்ற விதம், இடது தொடைமேல சுரைக்காய் (தண்டுக்கு அடியில இருக்கிற சின்ன குடம்) நிக்கிற விதம், தந்தியை எவ்வளவு அழுத்தணும்ங்கிறது இதெல்லாம் வீடியோ கால்ல சரியா தெரியாது, பழகினதுக்கு அப்புறம் ஆன்லைன் ஓகே. முட்டி வலி இருந்தா முதல் நாளே சொல்லிடுங்க, ஸ்டாண்ட்ல வச்சு வாசிக்கலாம், அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல.

அப்புறம் விரல் வலி. நெறைய பேர் விடறது இங்கதான். இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கோடு கோடா பதிஞ்சு எரியும், கொஞ்ச நாள்ல தோல் காய்ச்சுப்போய் சரியாயிடும். விரல்ல லேசா தேங்காய் எண்ணெய் தொட்டுக்கிட்டு வாசிங்க, பாத்திரம் கழுவின கையோட, குளிச்ச கையோட உடனே உக்காராதீங்க, ஊறின தோல் சட்டுனு கிழிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு மணி நேரம் வாசிக்கறதை விட தினம் இருபது நிமிஷம் போதும், விரலும் அப்பதான் பழகும். வீணையை உறை போட்டு உள்ள வைக்காம ஹால்ல ஒரு ஓரமா துணி போர்த்தி வைங்க, கண்ணுல பட்டாத்தான் கை போகும்.

முதல் பாடமான சரளி வரிசையை (ஸ ரி க ம பயிற்சி) மூணு காலத்துலயும், அதாவது மூணு வேகத்துலயும், வாசிக்கறது போரடிக்கும்தான், அதுக்காக தாண்டிப் போகாதீங்க. அது மாயாமாளவகௌளை ராகம், நீங்க முதல்ல படிக்கப்போற கீதம் (எளிமையான சின்ன பாட்டு) பெரும்பாலும் மலஹரி ராகம், அது இதோட ஜன்ய ராகம்தான், அதாவது இதுலேர்ந்து பிறந்தது, அதனால ரிஷபமும் (ரி) தைவதமும் (த) எங்க இருக்குன்னு விரலுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும். கூடவே உங்களுக்கு ரொம்ப பிடிச்ச ஒரு சின்ன பாட்டையும் சொல்லித்தர சொல்லி டீச்சர்கிட்ட தயங்காம கேளுங்க, இவ்வளவு வருஷம் காத்திருந்தவங்களுக்கு அந்த சந்தோஷம் சீக்கிரமே கிடைக்கணும்.

சாரணி தந்தி அடிக்கடி அறுந்துடும், முதல் தடவை மாத்தும்போது டீச்சர் பக்கத்துல இருக்கட்டும், வீட்டுல ரெண்டு உபரி தந்தி எப்பவும் வாங்கி வச்சிக்கோங்க.