ஃபைப்ரோஸ்கேன் எடுக்கப் போகிறீர்களா? பசியாறாமல் போங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே கிளம்புகிறார்கள். வழியில் ரொட்டி சானாய், தே தாரிக். கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு அதுதான் முதல் தவறு. சாப்பிட்டதும் குடலிலிருந்து கல்லீரலுக்குப் பாயும் ரத்தம் கூடிவிடும். தழும்பு விழுந்தால்தான் கல்லீரல் இறுகும் என்றில்லை; தழும்பே இல்லாத கல்லீரலும் அப்போது இறுக்கமாகத் தெரியும். குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். இனிப்புநீருக்கு ஊசி, மாத்திரை எடுப்பவர்கள் அன்றைக்கு என்ன செய்வதென்று தேதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்வார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்ததும் விரலால் சுண்டியதுபோல் ஓர் அதிர்வு. வலிக்காது. அந்த அதிர்வு உள்ளே ஓடும் வேகத்தை அல்ட்ராசவுண்ட் பிடிக்கும். இறுகிய கல்லீரலில் வேகம் அதிகம். 10 அளவுகள் எடுத்து, அவற்றின் நடுமதிப்பைக் கிலோபாஸ்கல் என்ற இறுக்க அலகில் தருவார்கள். பக்கத்திலேயே 'ஐ.க்யூ.ஆர்.' என்று ஒரு சதவீதம் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. இறுக்க எண் உயர்ந்திருக்கும்போது அந்தச் சதவீதமும் 30-ஐத் தாண்டினால், அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதை டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

அதே தாளில் 'கேப்' என்று 200, 300 என வருவது கொழுப்பின் அளவு. அதை இறுக்கம் என்று எண்ணிப் பயந்துபோகிறவர்கள் உண்டு.

எண் கூடினாலே கல்லீரல் சுருங்கிவிட்டது என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. மஞ்சள் காமாலை, பித்தநீர் அடைப்பு, இதயம் பலவீனப்பட்டு ரத்தம் தேங்குவது, அளவுக்கு மீறிய குடி எல்லாமே எண்ணை ஏற்றிவிடும். சம்சு குடிக்கிற பழக்கத்தைக் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். டாக்டர் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அது தெரியாமல் அந்த எண்ணை அவரால் சரியாகப் படிக்க முடியாது.

அண்ணனுடைய ரிப்போர்ட்டோடு உங்களுடையதை ஒப்பிடுவதற்கு முன், இரண்டும் ஒரே வகை இயந்திரமா என்று பாருங்கள். எம்.ஆர்.ஐ. வழியாகவும் இறுக்கத்தை அளக்கலாம்; அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் முத்துப்பிள்ளையும் குழுவினரும் 1995-இல் அந்த முறையை வெளியிட்டார்கள். ஆனால் அங்கே கணக்கிடும் முறை வேறு. ஃபைப்ரோஸ்கேனில் 5 கிலோபாஸ்கல் சாதாரணம், எம்.ஆர்.ஐ.யில் அதே 5 முற்றிய நோயைக் காட்டும்.

உடல் பருமனானவர்களுக்கு அதற்கென்றே பெரிய கருவி உண்டு, கேட்டுப் பாருங்கள். வயிற்றில் நீர் கோத்திருந்தால் சாதாரண ஃபைப்ரோஸ்கேனில் சரியான அளவு கிடைக்காது. தேதி வாங்கும்போதே சொல்லிவிட்டால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் மிஞ்சும்.