நிறம் போயிடுச்சுன்னா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க: லீச்சேட்டும் ஃபென்டனும்

குப்பை மேட்டுக்குள்ள மழைத்தண்ணி இறங்கி, அழுகினதோட சாறையும் சேத்துக்கிட்டு அடியில கறுப்பா வடியுதே, அதான் லீச்சேட். வேலூர்ல சதுப்பேரி குப்பைக் கிடங்கு பக்கம் போய்ட்டு வந்தவங்களுக்கு இதப்பத்தி தனியா விளக்க வேணாம். இந்தத் தண்ணிக்கு இப்ப எல்லாரும் சொல்ற வைத்தியம் ஃபென்டன்: ஆசிட் ஊத்தி பிஹெச்ச 3 கிட்ட கொண்டுவந்து, ஃபெரஸ் சல்பேட்ங்கிற இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் போட்டா ஹைட்ராக்சில் ராடிக்கல்னு எதோடயும் சட்டுனு வினைபுரியிற துகள் உண்டாகி அழுக்க ஒடைக்கும். நல்ல முறைதான், நான் குறை சொல்லல. ஆனா கறுப்பு போயி தண்ணி வெளுத்த உடனே சுத்தமாயிடுச்சுன்னு கைய தட்டுறாங்க பாருங்க, அங்கதான் பிரச்சனை ஆரம்பிக்குது. நிறம் போச்சு, சரி, அமோனியா அப்படியே இருக்கு, குளோரைடு அப்படியே இருக்கு, டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்குற மொத்த உப்பு, கூடியே இருக்கும், ஏன்னா நாமதான் சல்ஃப்யூரிக் ஆசிடும் சல்பேட்டும் கொட்டியிருக்கோம். 2016 திடக்கழிவு விதியில ஆறு ஏரியில விட வெச்சிருந்த வரம்பு, லிட்டருக்கு சிஓடி (அழுக்க ரசாயனத்தால எரிக்கத் தேவையான ஆக்சிஜன்) 250 மில்லிகிராமுக்குள்ள, அமோனியா நைட்ரஜன் 50, குளோரைடு 1000, டிடிஎஸ் 2100. ஃபென்டன் இதுல முக்கியமா சிஓடிக்குத்தான் ஆகும், மத்ததுக்கு வேற ஏற்பாடு வேணும்.

புது குப்பையோட தண்ணிக்கே நேரா ஃபென்டன் போடுறது காச கரைக்கிற வேலை. கணக்கு பாருங்க, 1 கிராம் சிஓடிக்கு ஏட்டுக்கணக்குப்படி 2.1 கிராம் பெராக்சைடு, அப்ப சிஓடி லிட்டருக்கு 10,000 மில்லிகிராம் இருக்குற தண்ணி ஆயிரம் லிட்டருக்கு 50 சதவீத பெராக்சைடு 42 கிலோ கிட்ட ஆகுது! பிஓடிய (பாக்டீரியா அழுக்க தின்ன தேவையான ஆக்சிஜன்) சிஓடியால வகுத்து 0.5க்கு மேல வந்தா அத பாக்டீரியாகிட்ட விடுங்க, அது கம்மி செலவுல தின்னுடும். 0.1க்கு கீழ இருக்குற பழைய கிடங்கு தண்ணி, பாக்டீரியா சீண்டாத மிச்சம், அதுக்குத்தான் இந்த முறை.

அடுத்தது பைகார்பனேட். ராடிக்கல் பந்தியில பசியோட உக்காந்தவன் மாதிரி, எது முன்னாடி வந்தாலும் தின்னும், லீச்சேட்ல பைகார்பனேட் எக்கச்சக்கமா இருக்கறதால பெராக்சைடு அதுக்கே செலவாயிடும். அதனால மொதல்ல ஆசிட், மெதுவா, ஏன்னா கார்பன் டை ஆக்சைடு கிளம்பி நுரை டேங்க் விளிம்ப தாண்டும், அது அடங்கின பிறகுதான் இரும்பு உப்பு, கடைசியா பெராக்சைடு. அதையும் ஒரே மூச்சுல கவுக்கக்கூடாது, அதிகமான பெராக்சைடே ராடிக்கல தின்னுடும், சூடும் ஏறும், 40 டிகிரிக்கு மேல போனா பெராக்சைடு வெறும் தண்ணியும் ஆக்சிஜனுமா பிரிஞ்சு வீணாப்போகும். நம்ம ஊரு கத்திரி வெயில சொல்லணுமா, பெராக்சைடு டிரம்ம வெயில்ல வைக்காதீங்க, மூடியில காத்து போற வழிய அடைக்காதீங்க, துரு புடிச்ச பைப்பும் ஃபெரஸ் சல்பேட் மூட்டையும் கிட்டவே வேணாம்.

டோஸ் விஷயத்துல இன்னொன்னு. ஐப்பசி மழையில தண்ணி நீர்த்துப்போகும், சித்திரையில கெட்டியாகும், வருஷம் பூரா ஒரே அளவு போட்டா ஒரு சீசன்ல பத்தாது ஒரு சீசன்ல மிஞ்சும். ஜார் டெஸ்ட், அதாவது சின்ன ஜாடிகள்ல வேற வேற அளவு போட்டுப் பாக்குற சோதனை, அடிக்கடி பண்ணுங்க.

மிஞ்சின பெராக்சைடு லேப் ரிப்போர்ட்டையே கெடுக்கும், இது நெறைய பேருக்கு தெரியல. 1 மில்லிகிராம் பெராக்சைடு சிஓடி டெஸ்ட்ல கிட்டத்தட்ட 0.47 மில்லிகிராமா எகிறிக் காட்டும், முறை வேலை செய்யலன்னு நெனச்சு இன்னும் பெராக்சைடு ஊத்துவாங்க, ரீடிங் இன்னும் ஏறும். அந்த தண்ணிய பாக்டீரியா வளக்குற பயோ டேங்குக்கு விட்டீங்கன்னா பாக்டீரியாவும் காலி.

இனி நம்ம பகுதிக்கே உரிய சமாச்சாரம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புக்காரங்களுக்கு தோல் பதனிடப் போடுற குரோமியம் புதுசு இல்ல. தோல் ஷேவிங், வெட்டுத்துண்டு கலந்து விழுந்த கிடங்குன்னா லீச்சேட்லயும் மூணு நிலை குரோமியம் (Cr III) இருக்கலாம். ஆசிட்ல அது பெருசா ஆபத்து இல்ல, ஆனா பெராக்சைடு மிச்சம் இருக்கறப்பவே, ஊத்தின ஆசிட்ட முறிக்க சுண்ணாம்பு போட்டு காரமாக்கினா ஆறு நிலை குரோமியமா (Cr VI), அதாவது நச்சுக் குரோமேட்டா மாற வாய்ப்பு இருக்கு! சுத்தம் பண்றேன்னு போயி விஷத்த தயார் பண்ணி பாலாத்துக்கு அனுப்பக்கூடாது. அதனால பெராக்சைடு ஸ்ட்ரிப் போட்டு பாருங்க, மிச்சம் இருந்தா ஆசிட் நிலையிலயே சோடியம் பைசல்ஃபைட் போட்டு முடிங்க, அது ஆறு நிலை குரோமியம் இருந்தாலும் திரும்ப மூணுக்கு எறக்கிடும், அதுக்கப்புறம் சுண்ணாம்பு. கடைசி தண்ணியில ஆறு நிலை குரோமியத்த தனியா டெஸ்ட் கேளுங்க, மொத்த குரோமியம் மட்டும் போதாது.

ஃபென்டனோட யூவி (புற ஊதா) விளக்கும் வெச்சு பண்றேங்கறவங்களுக்கு ஒரே வார்த்தை, கறுப்பு தண்ணிக்குள்ள ஒளி போகாது, மொதல்ல நிறத்த குறைச்சுட்டு வாங்க.

அப்புறம் அடியில தங்குற இரும்பு ஸ்லட்ஜ், அதாவது சேறு. சுண்ணாம்பு போட்டதும் காவி நிறத்துல கொழகொழன்னு உக்காரும், குரோமியம் இருந்தா பெரும்பாலும் இதுலதான் ஒதுங்கும். இத காய வெச்சு திரும்ப அதே குப்பை மேட்டுல கொட்டினா அடுத்த மழைக்கு மறுபடி லீச்சேட்லயே வந்து நிக்கும், சோதிச்சு அபாயக் கழிவுன்னு வந்தா அதுக்குன்னு இருக்குற பாதுகாப்பான நிலநிரப்புக்குத்தான் போகணும், இந்தச் செலவயும் கொட்டேஷன் வாங்கும்போதே சேத்து கேளுங்க.