யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வருபவர்களுக்கு: சுவரில் தொங்கும் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள்

கனடாவிலோ சுவிஸிலோ இருபது முப்பது வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது வீடு, கிணறு, கரண்ட், பிள்ளைகளின் பள்ளிக்கூடம். வைத்தியத்தைப் பற்றி விசாரிப்பது வீட்டில் யாருக்கோ நெஞ்சு நோகிற இரவில்தான். அந்த இரவு வருவதற்கு முன்பே சில விஷயங்களை அறிந்து வையுங்கள்.

அவசரம் என்றால் 1990க்கு எடுங்கள். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. போகிற இடம் பெரும்பாலும் பெரியாஸ்பத்திரி, அதாவது யாழ் போதனா வைத்தியசாலை. புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தெல்லிப்பழை. அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்தே பணம் சேர்த்தார்கள். அரச ஆஸ்பத்திரிகளில் கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் கிளினிக் கொப்பி ஒன்று போட்டு வைத்தால் உங்கள் வருத்தத்தின் வரலாறு முழுவதும் அதில் இருக்கும். நீண்டகால வருத்தம் உள்ளவர்கள் வந்த முதல் மாதத்திலேயே இதைச் செய்துவிடுங்கள்.

தனியார் இடங்களில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறினேன். திரும்பி வந்த முதல் வருடம், சுகர் உள்ள என் அம்மாவை ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று நினைக்க வைக்கும் ஒரு அளவை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வேறு இடத்தில் திரும்பவும் எடுத்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்பதற்காகப் பழைய இடத்துக்குப் போனபோதுதான் சுவரில் தொங்கிய சான்றிதழைப் பார்த்தேன். அது காலாவதியாகி இரண்டு வருடம். முதல் நாள் அதற்கு நேர் கீழேதான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இலங்கையில் தனியார் ஆஸ்பத்திரி, மருத்துவ நிலையம், பரிசோதனைக்கூடம் எல்லாமே 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டும். பொறுப்பு, தனியார் சுகாதார சேவைகளை ஒழுங்குபடுத்தும் சபையிடம். விண்ணப்பம் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஊடாகப் போகிறது. பதிவை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். ஆகவே சான்றிதழ் இருக்கிறதா என்பதோடு எந்த வருடத்துக்குரியது என்றும் பாருங்கள். சுவரில் இல்லையென்றால் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும்போது இதையெல்லாம் வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிப் பழகிவிட்டோம். இங்கே நீங்களும் ஒரு கண் வைக்க வேண்டும்.

கட்டடத்துக்கு ஒரு பதிவு என்றால் வைத்தியருக்கு இன்னொன்று. வைத்தியர்களைப் பதிவு செய்வது இலங்கை மருத்துவ சபை. அடிப்படை, 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம். வைத்தியர் தரும் மருந்துத் துண்டில் இருக்கும் சீலில் பதிவு இலக்கம் இருக்கும். சபையின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடியும் பார்க்கலாம். பலகையில் ‘விசேட வைத்திய நிபுணர்’ என்று எழுதியிருந்தால் எந்தத் துறையில் நிபுணர் என்று கேட்பது தவறில்லை. இங்கே நிபுணராக வருகிறவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தில் படித்து, பயிற்சி முடித்து, சான்று பெற்றுத்தான் வருகிறார். பின்னேரம் நீங்கள் காசு கட்டி சனல் பண்ணுகிற (தனியார் இடத்தில் நேரம் பதிந்து சந்திக்கிற) அதே நிபுணர் காலையில் பெரியாஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கிறார் என்பதும் பல தடவை நடக்கும். மானிப்பாயில் 1848இலேயே வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கி, பின்னாளில் தமிழிலேயே படிப்பித்த மண் இது. தமிழில் விளக்கம் கேட்கத் தயங்க வேண்டாம்.

எக்ஸ்ரே, சிடி ஸ்கான் கருவிகளுக்குத் தனி அனுமதி உண்டு. அதை 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் சபை கொடுக்கிறது. கர்ப்பிணி என்றால் முதலே சொல்லிவிடுங்கள்.

மருந்துகள் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ் வருகின்றன (2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம்). 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தது இந்தச் சட்டத்தின் பலத்தில்தான். வெளிநாட்டுப் பெயரைப் பார்மசியில் சொன்னால் புரியாமல் போகலாம். கனடாவில் டைலனோல் என்பது இங்கே பனடோல். வருவதற்கு முன் உங்கள் வைத்தியரிடம் மருந்துகளின் பொதுப்பெயரையும் அளவையும் எழுதி வாங்கி வாருங்கள். கூடுதல் விலை எடுத்தால் பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டைத் தயவுசெய்து எறியாதீர்கள்.

சித்த வைத்தியத்துக்கும் பதிவு உண்டு. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தில் சித்த வைத்தியர்களும் அடங்குகிறார்கள். பரம்பரை வைத்தியர் என்று ஊரார் சொன்னாலும் பதிவைக் கேட்டுப் பாருங்கள். யோசனையாக இருந்தால் கைதடி சித்த போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

உங்களில் பலர் ஊருக்கு ஏதாவது செய்யும் மனதோடு வருகிறீர்கள். லண்டனில் வைத்தியராக இருக்கும் மகளை வைத்து ஒரு மருத்துவ முகாம் நடத்தலாம் என்று நினைப்பீர்கள். இலவச முகாமானாலும் இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவாவது எடுக்காமல் அவர் இங்கே நோயாளர்களைப் பார்க்க முடியாது. முகாமுக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பியுங்கள். கருவிகள் அனுப்புவதும் அப்படித்தான். அவற்றை இறக்குவதற்கு மருந்துகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். பழுதானால் திருத்த ஆள் வேண்டும், உதிரிப்பாகம் வேண்டும். முதலில் ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு எழுதி எது தேவை என்று கேளுங்கள். பதில் கையில் கிடைத்த பிறகு கொள்கலனில் ஏற்றுங்கள்.