வளராத பெரியவரும் ஒட்டாத பிள்ளையும்: சிநேகம் பிடிப்பது எப்படி

உங்களுக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்கும். இருந்தும் வீட்டில் யாராவது ஒருவர் "நீ எப்பத்தான் பெரிய மனுஷனாகப் போறே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மேசைமேல் பாதி ஒட்டிய பொம்மை விமானம் கிடக்கும். கரண்ட் பில் கட்ட வேண்டிய தேதி மறந்துபோகும், பள்ளி நாட்களில் விளையாடிய வீடியோ கேமில் எந்தச் சுவருக்குப் பின்னால் குறுக்குவழி இருந்தது என்பது மட்டும் மறக்காது. நானும் உங்கள் கட்சிதான். இது நமக்காக எழுதியது.

நமக்கு எதிர்ப்பக்கம் ஒரு பிள்ளை இருக்கும், அக்கம்பக்கத்திலோ சொந்தத்திலோ. எல்லாப் பிள்ளைகளும் கூச்சல் போட்டு ஓடும் இடத்தில் அது மட்டும் மின்விசிறி ரெகுலேட்டரைக் கழற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கும். விளையாட்டில் யாராவது விதியை மீறினால் ஆட்டத்தையே நிறுத்திவிடும். பெரியவர்களைப் பார்த்து "நீங்க இதை ஏற்கெனவே சொல்லிட்டீங்க" என்று சொல்லும். எனக்கு வாய்த்தவன் மேல்வீட்டுப் பையன். பழக்கமானபோது 9 வயது, லிஃப்ட் பைத்தியம். அண்ணா என்று கூப்பிடச் சொன்னேன். என் முன்நெற்றியைப் பார்த்துவிட்டு "அங்கிள்தான் சரியா இருக்கும்" என்றான்.

இப்படி இரண்டு பேர் சேர்ந்தால் நல்ல சிநேகம் அமையும். அமையாமல் கெட்டுப்போகவும் வழி உண்டு. விளையாட்டில் நாம் பிள்ளையாகவே இருக்கலாம், அதுதான் நம் முதலீடு. நேரம், ரகசியம், நம் சொந்தக் கவலை ஆகிய மூன்றில் மட்டும் பெரியவராக நடந்தே ஆக வேண்டும். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில் பெற்றோர்

பிள்ளையிடம் போவதற்கு முன் அதன் பெற்றோரிடம் பேசுங்கள். சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. சொந்தம் அல்லாத ஒரு பெரியவர் தங்கள் பிள்ளையோடு நேரம் செலவிட விரும்புகிறார் என்றால் சந்தேகப்படுவதுதான் நல்ல பெற்றோரின் லட்சணம். சந்தேகப்பட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தச் சந்தேகத்துக்கு வேலையில்லாமல் செய்யுங்கள். சந்திப்பது அவர்கள் வீட்டுக் கூடத்தில், அல்லது ஆட்கள் நடமாடும் இடத்தில். கதவு திறந்தே இருக்கும். போனில் செய்தி அனுப்பினால் அப்பா அம்மாவும் இருக்கும் குழுவில் மட்டும். பரிசு எதுவும் அவர்களுக்குத் தெரியாமல் கிடையாது.

ரகசிய விஷயத்தில் ஒரே விதி. அம்மாவின் பிறந்தநாளுக்கு அட்டை செய்வதை மறைக்கலாம், அது ஒரு தேதியில் வெளியே வந்துவிடும். அதைத் தவிர "இது நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்ற பேச்சே உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. விளையாட்டுக்காகக்கூட வேண்டாம். பெரியவரோடு ரகசியம் வைத்துக்கொள்வது சாதாரண விஷயம் என்று ஒரு பிள்ளைக்குப் பழகிவிட்டால், நாளைக்குக் கெட்ட எண்ணத்தோடு வருகிற இன்னொருவருக்கு நீங்கள் பாதை போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடும்.

பக்கத்தில் உட்காருங்கள், எதிரில் வேண்டாம்

"ஸ்கூல் எப்படிப் போச்சு?" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உலகம் முழுவதும் பிள்ளைகள் வைத்திருக்கும் பதில் "ம்."

மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் பள்ளிக்குப் போகும் வயதுக்கு முந்தைய பிள்ளைகளின் விளையாட்டைக் கவனித்து வகைப்படுத்தினார். அதில் ஒன்று, இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே மாதிரிப் பொருளை வைத்துக்கொண்டு, அவரவர் வேலையை அவரவர் பார்ப்பது. அவர் பார்த்தது சின்னக் குழந்தைகளை. ஆனால் 9 வயதுக்கும் 38 வயதுக்கும்கூட இது அருமையான தொடக்கம் என்பது என் அபிப்பிராயம். அவன் லிஃப்ட் படம் வரைந்துகொண்டிருந்தால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் விமானத்தை ஒட்டுங்கள். எப்போதாவது அவனே எட்டிப் பார்த்து "அந்த இறக்கை கோணலா இருக்கு" என்பான். பேச்சு தொடங்கிவிட்டது.

அப்புறம் அவன் பாடத்தை அவனிடமே படியுங்கள். லிஃப்டில் பல வருஷமாக ஏறி இறங்குகிறேன், மேலே என்ன நடக்கிறது என்று யோசித்ததே இல்லை. கயிற்றின் மறுமுனையில் ஓர் எதிர் எடை தொங்குகிறது, பெட்டியின் எடையோடு அது தாங்கும் முழு பாரத்தில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்த கனத்தில். அதனால் பாதி ஆட்களோடு போகும்போதுதான் மோட்டாருக்கு வேலை குறைவு. காலிப் பெட்டி கீழே இறங்கும்போது மோட்டார் முக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அது உண்மையில் எதிர் எடையை மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது. இதெல்லாம் அவன் சொல்லித் தெரிந்தது. லிஃப்டுக்குப் பாதுகாப்புத் தடையைக் கண்டுபிடித்த எலிஷா ஓடிஸ், 1854இல் நியூயார்க் கண்காட்சியில் மேடையோடு மேலே நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொன்ன கதையையும் அவன்தான் சொன்னான். தானாக இயங்கும் தடை பிடித்துக்கொண்டது, மேடை கீழே விழவில்லை. அந்தக் கதையைச் சொல்லும்போது அவன் நாற்காலி மேல் ஏறி நிற்பான்.

இங்கேதான் நம்மைப் போன்றவர்களுக்கு ஓர் அனுகூலம். பொறுப்பான பெரியவர்கள் இரண்டாவது நிமிஷத்தில் "வெரி குட்" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நமக்கு உண்மையிலேயே ஆர்வம் வந்துவிடும். நடிப்புக்கும் ஆர்வத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இப்படிப்பட்ட பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். சலித்துப்போனால் "இன்னைக்கு லிஃப்ட் போதும், மூளை நிறைஞ்சிடுச்சு" என்று நேராகச் சொல்லுங்கள். ஜாடை காட்டினால் புரியாது, நேராகச் சொன்னால் வருத்தப்பட மாட்டார்கள்.

என்ன விளையாடுவது

கிறுக்கல் விளையாட்டு. பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட், தன்னிடம் வந்த பிள்ளைகளோடு பேச்சைத் தொடங்க இதைப் பயன்படுத்தினார். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தாளில் ஏதோ ஒரு கோட்டை இழுக்க வேண்டும். மற்றவர் அதை ஏதாவது ஒரு படமாக மாற்ற வேண்டும். பிறகு முறை மாறும். ஜெயிப்பது, தோற்பது எதுவும் இல்லை. ஓவியம் வராதவர்கள் ஆடினால் இன்னும் நன்றாக இருக்கும். அவன் என்ன வரைகிறான் என்பதை வைத்து மனசைப் படிக்க முயலாதீர்கள், அது வினிகாட்டின் வேலை. நீங்கள் ஒரு வாலைச் சேர்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

ஜெயிப்பது, தோற்பது உள்ள விளையாட்டும் வேண்டும். செஸ் நல்லது. வேண்டுமென்றே தோற்காதீர்கள், அவமானப்படுத்துவது மாதிரிதான் அது. பதிலாக வெளிப்படையாகவே பாரத்தைச் சமன் செய்யுங்கள். நீங்கள் ராணி இல்லாமல் ஆடுங்கள், அல்லது கடிகாரத்தில் உங்களுக்கு 2 நிமிஷம், அவனுக்கு 10 நிமிஷம். அவன் தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பித்தால் நீங்கள் ராணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒரு யானையை விட்டுக்கொடுங்கள், பிறகு ஒரு குதிரையை. அவன் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பது பலகையிலேயே தெரியும். முழுப்படையோடு முதல் முறை என்னைத் தோற்கடித்த அன்று "அங்கிள், அடுத்த ஆட்டத்துல எனக்கு ஒரு குதிரை கம்மி" என்றான். கருணைதான்.

தோற்றால் நமக்கு முகம் சுருங்கும். மறைக்காதீர்கள், உபயோகப்படுத்துங்கள். "எரிச்சலா இருக்கு. தண்ணி குடிச்சிட்டு வரேன், அப்புறம் இன்னொரு ஆட்டம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சொன்னபடியே திரும்பி வாருங்கள். கோபம் வந்த ஒருவர் பலகையைக் கவிழ்க்காமல் என்ன செய்யலாம் என்பதை அந்தப் பிள்ளை நேரில் பார்க்கிறது. அறிவுரையாகச் சொன்னால் காதில் ஏறாது.

நேரம்

நம் கட்சிக்குப் பெரிய பலவீனம் இதுதான். ஆரம்பத்தில் தினமும் போவோம், பிறகு புதிதாக ஒன்று கிடைத்ததும் காணாமல் போவோம். ஏற்கெனவே யாரோடும் ஒட்டாத பிள்ளைக்கு இது வெறும் ஏமாற்றம் அல்ல. அமெரிக்காவில் பெரியவர்களைப் பிள்ளைகளோடு இணைக்கும் ஒரு திட்டத்தின் தகவல்களை வைத்து ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன இடங்களில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பு இருந்ததைவிடக் குறைந்திருந்தது.

ஆகவே குறைவாகச் சொல்லி, சொன்னதைச் செய்யுங்கள். வாரம் ஒரு மணி நேரம், ஒரே கிழமை, ஒரே நேரம். வர முடியாவிட்டால் முன்னாலேயே சொல்லுங்கள், அடுத்து எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கரண்ட் பில்லை மறக்கிற ஆளாக இருந்தால் போனில் அலாரம் வையுங்கள். ஒரு வருஷம் தாக்குப்பிடிக்க மாட்டேன் என்று தோன்றினால், மாடிப்படியில் பார்க்கும்போது நாலு வார்த்தை சிரித்துப் பேசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் மரியாதையான உறவுதான்.

உங்கள் மூட்டை உங்களோடு

கூர்மையான பிள்ளையிடம் மனசைக் கொட்டத் தோன்றும். வேலை போனது, வீட்டில் சண்டை, கடன். அது கவனமாகக் கேட்கும், புத்திசாலித்தனமாக ஏதாவது சொல்லவும் செய்யும், பிறகு ராத்திரி தூங்காமல் கிடக்கும். "இன்னைக்கு எனக்கு மூட் சரியில்லை, உன்னால இல்லை" என்ற அளவோடு நிறுத்துங்கள். மிச்சத்தைக் கேட்க உங்கள் வயதில் ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள்.

அதே மாதிரி, அவன் பெற்றோரைக் குறை சொல்லும்போது கூடச் சேர்ந்துகொள்ளாதீர்கள். கேம் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்றால் உங்களுக்கும் வயிறு எரியும்தான். "கஷ்டம்தான்" என்று சொல்லலாம். "உங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லக்கூடாது.

திருத்தாதீர்கள், திரைக்குப் பின்னால் நடப்பதைச் சொல்லுங்கள்

"எல்லாரையும் மாதிரி இயல்பா இரேன்" என்பது அவன் காதில் ஏற்கெனவே நிறைய விழுந்திருக்கும். ஆட்டிசமா, கவனக் குறைபாடா என்று பெயர் வைப்பதும் உங்கள் வேலை இல்லை. அதைப் பெற்றோரும் மருத்துவரும் பார்த்துக்கொள்வார்கள். உங்களால் முடிவது, யாரும் எழுதி வைக்காத விதிகளை லிஃப்டின் இயக்கத்தை விளக்குவது மாதிரி விளக்குவது.

உதாரணமாக, நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தில் சேர்வது எப்படி? மார்த்தா புட்டலாஸும் ஜான் காட்மனும் 1981இல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். மற்ற பிள்ளைகளுக்குப் பிடிக்காத பிள்ளைகள் உள்ளே வரும்போதே மறுத்துப் பேசுவது, தன்னைப் பற்றிச் சொல்வது, கேள்வி கேட்பது என்று கவனத்தைத் தன் பக்கம் இழுத்தார்கள், அதனால் ஒதுக்கப்பட்டார்கள். எங்கள் மேல்வீட்டுப் பையன் செய்ததும் அதுவேதான். மைதானத்துக்குப் போனதும் "நீங்க ஆடறது தப்பான ரூல்" என்பான். நான் ஒரு வரிசை சொல்லிக் கொடுத்தேன்: முதலில் சும்மா பாரு, என்ன ஆட்டம் என்று புரிந்துகொள், வெளியே வந்த பந்தை எடுத்துப் போடு, ஆட்டம் நிற்கிற இடைவெளியில் "நானும் வரட்டுமா?" என்று கேளு, விதி பற்றிய கருத்தை நாளைக்குச் சொல். கடைசி விதியை மட்டும் அவன் இன்றைக்கும் ஏற்கவில்லை.

அவனை யாராவது அடிக்கிறார்கள், மிரட்டுகிறார்கள் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளைகளோடு நீங்கள் போய் மோதாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள். "இதை உன் அப்பா அம்மாகிட்ட சொல்லித்தான் ஆகணும். நீ சொல்றியா, நான் கூட இருக்கட்டுமா?" என்று கேளுங்கள்.

நீங்கள் மட்டும் போதாது

ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கடினமான சூழலில் வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குப் பேர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அதற்கு உதவிய விஷயங்களில் ஒன்று, பெற்றோருக்கு வெளியே அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது இருந்தது. தாத்தா பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர், யாராகவும் இருக்கலாம். இதைப் படித்துவிட்டு நீங்கள்தான் ரட்சகர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைக்குத் தன் வயதில் ஒரு சிநேகிதனும் தேவை.

அதற்கும் நீங்கள் உதவலாம். இன்னொரு பிள்ளையைக் கூப்பிடுங்கள், கூட்டத்தை வேண்டாம். செய்ய ஒரு வேலை இருக்கட்டும், ஆளுக்கு ஒரு பங்கு, முடிகிற நேரம் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். நாங்கள் அட்டைப்பெட்டி, நூல், பம்பரக் கட்டை வைத்து எதிர் எடையோடு ஒரு லிஃப்ட் செய்தோம். கீழ்வீட்டுப் பெண் நூல் சுற்றினாள், இவன் எடை பார்த்தான், நான் பசை தடவினேன். அடுத்த முறை அவர்கள் இரண்டு பேரும் என்னைக் கூப்பிடாமலேயே ஆரம்பித்திருந்தார்கள். கொஞ்சம் பொறாமையாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளாதீர்கள்.

12, 13 வயதானால் வருகை குறையும். கூப்பிட்டுக் கேள்வி கேட்காதீர்கள், அந்தக் கிழமையில் அந்த நேரத்தை மட்டும் காலியாக வைத்திருங்கள். நீங்கள் வீடு மாறிப் போவதாக இருந்தால் சாமான் கட்டுவதற்கு முன்பே தேதியோடு சொல்லுங்கள். "அடிக்கடி வருவேன்" என்று சொல்லாதீர்கள். உறுதியாக வர முடிகிற ஒரு நாளைச் சொல்லி, அதை இருவரும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், பெற்றோரும் பார்க்கிற காலண்டரில்.