ஆயிரத்தில் ஒன்று என்றால் ஆயிரத்துக்குள் விழுந்துவிடுமா?

தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது 2003-ல். ஆனாலும் சேலத்தில் சீட்டுப் பேச்சு ஓயவில்லை. வாளையாறு தாண்டிப் போகிறவர்களிடம் கேரளச் சீட்டு வாங்கி வரச் சொல்பவர்கள் ஒரு பக்கம். கேரளக் குலுக்கலில் விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்துத் திருட்டுத்தனமாக நம்பர் எழுதிப் பந்தயம் கட்டுபவர்கள் இன்னொரு பக்கம்.

மூன்று எண் ஆட்டத்தில் 000 முதல் 999 வரை 1000 எண்கள். "ஆயிரம் நாள் விடாம எழுதினா ஒரு நாளாவது விழுந்துதானே ஆகணும்?" என்பார்கள். பெரிய தவறு இதுதான். ஒரு நாள் விழாமல் போகும் வாய்ப்பு 0.999. அதையே ஆயிரம் முறை பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 0.37 வரும். அதாவது 100 பேர் ஆயிரம் நாள் விடாமல் எழுதினால், அதில் 37 பேருக்கு ஒருமுறைகூட விழாது. மூன்று வருடத்துக்குப் பக்கமாகப் போட்ட காசு போனதுதான்.

பழைய முடிவுகளை நோட்டில் எழுதி வைத்து, "ஏழு ரொம்ப நாளா வரல, இன்னிக்கு வரும்" என்று கணிப்பதும் வீண். நேற்று என்ன விழுந்தது என்று இன்றைய குலுக்கலுக்குத் தெரியாது. அப்புறம், "ஒரு நம்பர்ல போச்சே!" 457 விழுந்த நாளில் 456 எழுதியவரும் 012 எழுதியவரும் ஒரே மாதிரிதான் தோற்றார்கள். ஆனால் முதல் ஆள்தான் மறுநாள் இரட்டிப்பாக எழுதுவார்.

சரி, பெரிய சீட்டு? 12 வரிசை, ஒவ்வொன்றிலும் 100000 முதல் 999999 வரை 9 லட்சம் எண்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1.08 கோடி சீட்டு. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 34.8 லட்சம். இப்படி மூன்று மாவட்டத்து ஆட்களில் கண்ணை மூடி ஒருவரைத் தொடுவது போல. பத்துச் சீட்டு வாங்கினால் வாய்ப்பு பத்து மடங்குதான், ஆனாலும் 10 லட்சத்தில் ஒன்றைக்கூட எட்டாது. முதல் பரிசு 1 கோடி ரூபாய் என்றால், அதை எல்லாச் சீட்டுக்கும் சமமாகப் பிரித்தால் ஒரு சீட்டின் பங்கு 93 பைசா. விழுந்தாலும் 30 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

2023-ல் 25 கோடி ரூபாய் ஓணம் பம்பர் தமிழ்நாட்டு நண்பர்கள் நால்வருக்கு விழுந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். விழாத லட்சக்கணக்கான சீட்டுகள் செய்தியில் வராது.

நம்பர் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. நம்பர் விழுந்தும், பந்தயம் வாங்கிய ஆள் பணம் தரவில்லை என்றால் வழக்குப் போட்டு வாங்க வழியில்லை. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது.